ஜெர்மனியில் மலிவான ஜிம்: கையெழுத்திடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

முதுகலைப் படிப்புக்காக அண்மையில் ஜெர்மனிக்கு வந்திருக்கும் ஒருவர், மாதம் 25 யூரோவுக்குள் ஒரு ஜிம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். வீட்டருகே உள்ள ஒரு கூடத்தில் மாதம் 19.90 யூரோ என்று சொல்கிறார்களாம்; ஆனால் 24 மாதத்துக்குக் கையெழுத்திட வேண்டுமாம்; சேரலாமா என்பது அவருடைய கேள்வி. நேரடியான விடை: அந்த ஒப்பந்தத்தில் சேர வேண்டாம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு 19.90 யூரோ என்பது மலிவான விலையே இல்லை. அதற்கான காரணத்தையும், உண்மையிலேயே மலிவான வழிகள் எவை என்பதையும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், 25 யூரோ என்ற உங்கள் வரம்பு சரியான வரம்புதான். மாணவர் விசாவுக்காக முடக்கி வைக்கும் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ காட்ட வேண்டியிருக்கிறது; அதில் அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவதைக் கொண்டுதான் சாப்பாடு முதல் மற்ற எல்லாமே. 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது என்பதைக் கொண்டு பார்த்தால், ஜிம்முக்காக மாதம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பகுதிநேர வேலை செய்கிறீர்கள் என்று பொருள். அது தாங்கக்கூடிய செலவு. அதற்கு மேல் போனால், முதல் தேர்வுக் காலத்திலேயே ஜிம்முக்குப் போகும் நாள்கள் குறைந்து, பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது அந்த 19.90 யூரோவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலான கூடங்களில் மாதக் கட்டணத்தோடு முதல் நாளிலேயே ஒரு சேர்க்கைக் கட்டணமும், சில இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘சேவைக் கட்டணம்’ அல்லது ‘பயிற்றுநர் கட்டணம்’ என்ற பெயரில் ஒரு தொகையும் இருக்கும். எடுத்துக்காட்டாகச் சேர்க்கைக்கு 39 யூரோ, அரையாண்டுக் கட்டணம் 25 யூரோ என்று வைத்துக்கொண்டால், 24 மாதத்துக்கு நீங்கள் தரப்போவது 477.60, 39, 100 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 616.60 யூரோ. இரண்டு ஆண்டும் முழுதாகப் பயன்படுத்தினால் மாதத்துக்குச் சுமார் 25.70 யூரோ ஆகிறது. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் முதுகலை மாணவர் ஒருவர் மூன்றாம் செமஸ்டரில் பயிற்சிப் பணிக்காக வேறு நகரத்துக்குப் போவது இங்கே மிகச் சாதாரணம். பதினான்காம் மாதத்தோடு நீங்கள் ஊர் மாறினால், அதே 616.60 யூரோவை 14 மாதத்துக்குத் தந்ததாகத்தான் ஆகும்: மாதம் 44 யூரோ. இதற்குப் பக்கத்திலேயே, மாதாமாதம் விலகிக்கொள்ளக்கூடிய ஓர் ஒப்பந்தம் 29.90 யூரோவுக்கும் அதே 39 யூரோ சேர்க்கைக் கட்டணத்துக்கும் கிடைத்தால், அந்த 14 மாதத்துக்கு ஆவது 457.60 யூரோ, அதாவது மாதத்துக்கு 33 யூரோவுக்கும் குறைவு. பத்து யூரோ அதிகம் என்று விளம்பரப் பலகையில் தெரிவதுதான் கடைசியில் 159 யூரோ மிச்சமாகிறது. ஆகவே எந்தக் கூடத்துக்குப் போனாலும், மாதம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘நான் இந்த ஊரை விட்டுப் போகும் நாள் வரை மொத்தம் எவ்வளவு தருவேன்’ என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

வாரக் கணக்கில் எழுதப்படும் விலைகளையும் இதே தாளில் எழுதுங்கள். வாரத்துக்கு 6.90 யூரோ என்பது 52 வாரத்துக்கு 358.80 யூரோ, அதாவது மாதம் 29.90. நான்கால் பெருக்கி 27.60 என்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா என்று பலர் நினைக்கிறார்கள். விட மாட்டார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான். ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2016 மே 4 அன்று அளித்த தீர்ப்பில், ராணுவப் பணிக்காக ஊர் மாற்றப்பட்ட ஒருவர்கூட அந்தக் காரணத்துக்காக ஜிம் ஒப்பந்தத்தை இடையில் முறிக்க முடியாது என்று கூறிவிட்டது. நீண்ட கால ஒப்பந்தத்தில் குறைந்த விலையை ஏற்றுக்கொண்டவர், தன் வாழ்க்கைச் சூழல் மாறக்கூடும் என்ற இடரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மருத்துவச் சான்றோடு, நீண்ட காலத்துக்குப் பயிற்சி செய்ய இயலாத நோய் என்றால் இடையில் விலகும் உரிமை உண்டு. படிப்பும் வேலையும் அந்த வகையில் சேராது. சில நிறுவனங்கள் ஊர் மாறுவோரைத் தாமாகவே விடுவிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் மட்டுமே நம்புங்கள்; வரவேற்பு மேசையில் இருப்பவர் சிரித்துக்கொண்டே ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

உங்களுக்கு முன்பே இங்கு வந்தவர்கள், ஒரு நாள் தாமதமாகக் கடிதம் அனுப்பியதால் இன்னொரு முழு ஆண்டு மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லியிருப்பார்கள். அந்த நிலை மாறிவிட்டது. 2022 மார்ச் 1 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் முதல் கட்டம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அது முடிந்த பின் ஒப்பந்தம் தானாக நீண்டாலும், ஒரு மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். முதல் கட்டத்தின் முடிவில் விலகுவதற்கும் ஒரு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்புக் கேட்க முடியாது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், இணையத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வழி வைத்திருக்கும் நிறுவனம், இணையத்திலேயே விலகுவதற்கான பொத்தானையும் வைத்தாக வேண்டும். நீங்கள் கூடத்தில் நேரில் கையெழுத்திட்டிருந்தாலும் அந்தப் பொத்தானைப் பயன்படுத்தலாம். பதிவுத் தபால் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை, மின்னஞ்சலே போதும்.

இன்னொரு வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. இணையத்தில் சேர்ந்தால் 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ஒப்பந்தத்தைத் திரும்பப் பெறலாம். இடையில் பயிற்சிக்குப் போயிருந்தால் அந்த நாள்களுக்கான பங்கை மட்டும் தர வேண்டியிருக்கும். கூடத்துக்கே போய்க் கையெழுத்திட்டால் இந்த உரிமை கிடையாது. ஆகவே நேரில் போய்ப் பாருங்கள், ஒருமுறை இலவசமாகப் பயிற்சி செய்து பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். ஆனால் சேர்வதை வீட்டுக்கு வந்து கணினி வழியே செய்யுங்கள். ‘இன்று சேர்ந்தால்தான் சேர்க்கைக் கட்டணம் இல்லை’ என்று அவசரப்படுத்தினால், அதே சலுகை புத்தாண்டிலும் கோடை முடிந்த கையோடும் திரும்பத் திரும்ப வருவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கேதான் சேர்வது? நீங்கள் மாணவர் என்பதால் என் முதல் பரிந்துரை, பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையம். ‘ஹோக்ஷூல்ஷ்போர்ட்’ (Hochschulsport) என்று தேடினால் உங்கள் நகரத்தின் மையம் கிடைக்கும். இந்த நாட்டில் மாணவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகைகளில் ஒன்று இது. நம்மவர்களில் பலர் இதைப் பற்றிக் கேள்விப்படாமலே இரண்டு ஆண்டு படித்து முடித்துப் போய்விடுகிறார்கள். மியூனிக்கில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் மையத்தில் நகரத்தின் மற்ற பெரிய பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் சேரலாம். ஆஹன் நகரில் ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்துக்குச் சொந்த ஜிம்மே இருக்கிறது. பூப்பந்து, நீச்சல், மலையேற்றச் சுவர், யோகா என்று வகுப்புகளின் பட்டியல் நீளும். கட்டணம் பொதுவாகச் செமஸ்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். வெளியே உள்ள வணிகக் கூடங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், செமஸ்டர் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். விலகல் கடிதம், தானாக நீளும் ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. பயிற்சிப் பணிக்காக ஊர் மாறினால் அடுத்த செமஸ்டருக்குப் பதியாமல் விட்டால் போதும்.

குறைகளும் உண்டு. பதிவு செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்குத் திறக்கும். விரும்பப்படும் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். எடைப்பயிற்சி அறைக்குள் போக முதலில் ஓர் அறிமுக வகுப்புக்கு வர வேண்டும் என்று சில மையங்களில் விதி இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பெஞ்ச் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் உங்களுக்குக் காலை பத்து மணிக்கு வகுப்பில்லாத நாள்கள் இருக்கும், அந்த நேரத்தில் போங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்போருக்கு இந்த வழி எல்லா நகரங்களிலும் திறந்திருக்காது. மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அது கிடைக்காதவர்களுக்கு அடுத்தது மலிவுச் சங்கிலிக் கூடங்கள். 1997இல் வுர்ட்ஸ்புர்க் நகரில் தொடங்கிய மெக்ஃபிட்தான், ஆடம்பரங்களைக் கழித்துவிட்டுக் கருவிகளை மட்டும் குறைந்த மாதக் கட்டணத்துக்குத் தரும் வழக்கத்தை இந்த நாட்டில் பரப்பியது. பிறகு ஃபிட்எக்ஸ், க்ளெவர் ஃபிட், ஈஸிஃபிட்னஸ் என்று பல வந்தன. விலை 20 முதல் 35 யூரோவுக்குள் ஏறி இறங்கும். நகரத்துக்கும் ஒப்பந்தக் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் அன்றைய விலையை அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள். இவற்றில் சேர்வதானால் இரண்டு விஷயங்களை உறுதி செய்யுங்கள். ஒன்று, மாதாமாதம் விலகக்கூடிய திட்டம் உண்டா என்பது. சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். இன்னொன்று, உங்கள் கட்டணம் நாடு முழுதும் உள்ள கிளைகளில் செல்லுமா, ஒரு கிளையில் மட்டுமா என்பது. எல்லாக் கிளைகளிலும் செல்லும் என்றால் ஊர் மாறும் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். ஷ்டுட்கார்ட்டில் சேர்ந்தவர் ஹாம்பர்க்கில் தொடரலாம். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒவ்வொரு கிளையையும் வெவ்வேறு உரிமையாளர் நடத்தும் சங்கிலிகளும் இருக்கின்றன. அங்கே இந்த வசதியைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவர்களிடையே அவ்வளவாகப் பேசப்படாத ஒரு வழி, வேறொருவரின் ஒப்பந்தத்தை மீதிக் காலத்துக்கு ஏற்றுக்கொள்வது. நான் மேலே சொன்ன வலையில் மாட்டியவர்கள், ஊரை விட்டுப் போகும்போது தங்கள் இடத்தில் இன்னொருவரைச் சேர்த்துவிடத் தேடிக்கொண்டிருப்பார்கள். சிறு விளம்பரத் தளங்களிலும், மாணவர் விடுதிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் இப்படிப்பட்ட அறிவிப்புகளைப் பார்க்கலாம். ஏழெட்டு மாதமே மிச்சம், விலையும் பழைய விலை, சேர்க்கைக் கட்டணம் இல்லை என்றால் உங்களுக்கு அது நல்ல பேரம். கூடத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் மட்டும் யாருக்கும் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றம் என்று சொல்லிவிட்டு உங்களிடம் புதிதாக இரண்டாண்டு ஒப்பந்தத்தை நீட்டவும் கூடும்.

ஊர் விளையாட்டுச் சங்கங்களையும் ஒரு பார்வை பாருங்கள். ஜெர்மனியில் ஏறத்தாழ 86,000 சங்கங்கள் இருக்கின்றன. சிற்றூர்களில்கூட ஒன்றாவது இருக்கும். பெரிய சங்கங்கள் சில சொந்த எடைப்பயிற்சி அறை வைத்திருக்கின்றன. மாணவருக்குக் கட்டணக் குறைப்பும் தருகின்றன. கருவிகள் பழையவையாக இருக்கலாம். ஆனால் மொழி பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சங்கிலிக் கூடத்தில் எல்லோரும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வந்து போவார்கள். சங்கத்தில் பயிற்சி முடிந்தும் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். எச்சரிக்கை ஒன்று: சங்க உறுப்பினர் பதவி என்பது வணிக ஒப்பந்தம் இல்லை என்பதால், மேலே சொன்ன 2022ஆம் ஆண்டு விதிகள் அதற்குப் பொருந்தாது. விலகுவது சங்கத்தின் அமைப்பு விதிப்படிதான் நடக்கும். அரையாண்டு முடிவிலோ ஆண்டு முடிவிலோ மட்டும் விலகலாம் என்பது பரவலான விதி.

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்தவர்கள், அல்லது நிறுவனம் ஒன்றில் மாணவப் பணியாளராக இருப்பவர்கள், எந்தக் கூடத்துக்கும் போவதற்கு முன் மனிதவளப் பிரிவில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது. அர்பன் ஸ்போர்ட்ஸ் கிளப், வெல்பாஸ், ஹன்சஃபிட் போன்ற உடற்பயிற்சி அட்டை நிறுவனங்களோடு வேலை தரும் நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு, கட்டணத்தின் பெரும்பகுதியைத் தாமே செலுத்துவது இங்கே பரவலாகிவிட்டது. 2022 முதல் மாதம் 50 யூரோ வரையிலான இத்தகைய பொருள்வகைச் சலுகைகளுக்கு ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் நிறுவனங்களுக்கும் அது எளிது. ஒரே அட்டையில் நீச்சல்குளம், யோகா, பல ஜிம்கள் என்று போகலாம். வேலை மாறினால் அட்டையும் போய்விடும், அவ்வளவுதான்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஜிம் கட்டணத்தைத் தருமா என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. பொதுக் காப்பீடு ஜிம் கட்டணத்தைப் பொதுவாகத் தராது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட நோய்த்தடுப்பு வகுப்புகளுக்கு, முதுகுவலிப் பயிற்சி போன்ற 8 முதல் 12 வாரத் தொடர்களுக்கு, கட்டணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு வகுப்புகள் வரை. பெரும்பாலான நாள்கள் வகுப்புக்கு வந்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். மருத்துவர் பரிந்துரைக்கும் மறுவாழ்வுப் பயிற்சி இதிலிருந்து வேறு: வழக்கமாக 18 மாதத்தில் 50 அமர்வுகள், செலவைக் காப்பீடு ஏற்கும். நாள் முழுதும் கணினி முன் உட்கார்ந்து கழுத்து வலியோடு இருப்பவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். இந்த அமர்வுகளை ஜிம்களிலும் நடத்துவார்கள். அப்போது உறுப்பினராகவும் சேரச் சொல்வார்கள், அது உங்கள் விருப்பம் மட்டுமே, கட்டாயமில்லை.

எதுவுமே வேண்டாம், கோடையில் வெளியில் செய்துகொள்கிறேன் என்றால் பூங்காக்களில் புல்-அப் கம்பிகள் உள்ள திடல்களும், 1970களின் உடற்பயிற்சி இயக்கத்தில் காடுகளுக்குள் போடப்பட்ட பயிற்சிப் பாதைகளும் இலவசம். நவம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் நாட்டில் இது ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடாகாது.

கூடத்தை நேரில் பார்க்கப் போகும்போது, நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் நேரத்திலேயே போங்கள். காலி அரங்கத்தைக் காட்டித்தான் விற்பார்கள். துண்டு கட்டாயம், உள்ளே அணியத் தனிக் காலணி வேண்டும், அலமாரிக்குப் பூட்டு நாம் கொண்டுபோக வேண்டும். சில மலிவுக் கூடங்களில் குளிப்பதற்குத் தனியே காசு போட வேண்டும். பெண்களுக்குத் தனிப் பகுதி வேண்டும் என்றால் அதில் உண்மையான எடைக் கருவிகள் இருக்கின்றனவா, இரண்டு மூன்று சைக்கிள்களோடு முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் இரண்டு மாதத்துக்குக் கட்டணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று சொல்வார்கள். அந்த இரண்டு மாதம் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளும் முறையில்தான் போகும். அப்படி எடுத்த தொகையை எட்டு வாரத்துக்குள் வங்கி மூலம் திரும்பப் பெற முடியும் என்பது தெரிந்ததும், இதுதான் விலகும் வழி என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். பணம் திரும்பினாலும் ஒப்பந்தம் அப்படியே நிற்கும். நினைவூட்டல் கடிதங்கள், அவற்றுக்கான கட்டணம், பிறகு கடன் வசூல் நிறுவனம் என்று வரிசையாக வரும். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் மீதிக் காலத்தின் முழுத் தொகையையும் உடனே கேட்கலாம் என்று பல ஒப்பந்தங்களில் விதி இருக்கும். கடைசியில் அது ஷூஃபா என்ற கடன் தகவல் பதிவில் ஏறினால், அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது வீட்டு உரிமையாளர் கேட்கும் முதல் தாளில் அது தெரியும். தகராறு என்று வந்துவிட்டால் நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். 16 மாநிலங்களிலும் உண்டு, சிறு கட்டணத்துக்கு ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை சொல்வார்கள்.

விலகும்போது, விலகல் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது என்பதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லிக் கேட்டு, அந்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். நாட்டை விட்டே போவதாக இருந்தால், கடைசி மாதக் கட்டணம் எடுக்கப்பட்டதைப் பார்த்த பிறகே வங்கிக் கணக்கை மூடுங்கள்.